டிரைவ்வேக்கு அடியில் சுடுநீர்க் குழாய்: பனி உருக்கும் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி கொட்டும் ஊரில் டிரைவ்வேயை உடைத்துப் புதிதாகப் போடப்போகிற பலருக்கும் ஒரு யோசனை வரும். எப்படியும் தோண்டுகிறோமே, அடியில் குழாய் பதித்துச் சூடேற்றிவிட்டால் இனி ஷவலைத் தொடவே வேண்டாமே என்று. நல்ல யோசனைதான். ஆனால் கான்கிரீட் இறுகிய பிறகு மாற்ற முடியாத முடிவுகள் இதில் நிறைய இருக்கின்றன. கீழே உள்ள கேள்விகளில் பாதி அவற்றைப் பற்றியவை.

இது எப்படி வேலை செய்கிறது?

தரைக்குள் வளைந்து வளைந்து ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றில் தண்ணீரும் உறையாமல் காக்கும் கிளைக்காலும் கலந்த திரவம். பாய்லர் அந்தத் திரவத்தைச் சூடாக்கும், பம்ப் அதைத் தரைக்குள் சுற்றவிடும். வெப்பத்தைத் தரைக்குக் கொடுத்துவிட்டு ஆறிய திரவம் மறுபடி பாய்லருக்கு வரும். தரையின் மேல்பரப்பு உறைநிலைக்கு மேலே 3 முதல் 5 டிகிரி வரை இருந்தாலே விழும் பனி நிற்காது. தரை கைக்குச் சூடாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படித் தெரிந்தால் எரிபொருள் வீணாகிறது என்று அர்த்தம்.

புதுச் சரக்கும் இல்லை இது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள கிளமத் ஃபால்ஸ் நகரில் 1948-லேயே ஒரு சாலைக்கு அடியில் இரும்புக் குழாய் பதித்து, பூமிக்கடியில் கிடைக்கும் வெந்நீரின் வெப்பத்தால் பனியை உருக்கினார்கள். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் சுமார் 35 டிகிரி தண்ணீரே நடைபாதைகளுக்கு அடியில் ஓடுகிறது. அங்கெல்லாம் வெப்பம் கிட்டத்தட்ட இலவசம். நம் வீட்டில் அது இலவசம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

மின்கம்பி பதிக்கிற வகையைவிட இது மேலா?

இடத்தின் அளவைப் பொறுத்தது. வாசற்படி, சின்ன நடைபாதை என்றால் மின்கம்பியே போதும். பாய்லர், பம்ப் என்று எந்தத் தொல்லையும் இல்லை. இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே என்றால் கதை வேறு. அவ்வளவு மின்சாரத்தை இழுக்க வீட்டின் மின் இணைப்பே தாங்காமல் போகலாம். பெரிய பரப்பு, நீண்ட குளிர்காலம், கையில் எரிவாயு இணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சுடுநீர் முறை பக்கம் தராசு சாயும்.

இருக்கிற டிரைவ்வேயை உடைக்காமல் போட முடியுமா?

நேர்மையான பதில்: முடியாது. பழைய தரையின் மேல் குழாய் விரித்து அதன் மேல் புதிதாகக் கான்கிரீட் ஊற்றலாமே என்பார்கள். அப்படிச் செய்தால் தரைமட்டம் உயர்ந்து கராஜ் கதவிலும் சாலை விளிம்பிலும் இடிக்கும். அடியில் இன்சுலேஷனும் இருக்காது. தரையை எப்படியும் மாற்ற வேண்டிய நாள் வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு வெப்பம் தேவைப்படும்?

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் பனி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பனியின் எடை தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. ஆக ஒரு சதுர மீட்டரில் மணிக்கு இரண்டரை கிலோ. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 230 வாட் பக்கம் வரும். இது உருக்குவதற்கு மட்டும். காற்று அடித்துக்கொண்டு போகும் வெப்பம், ஈரம் ஆவியாகும்போது இழுக்கும் வெப்பம், கீழே மண்ணுக்குள்ளும் ஓரங்களிலும் கசியும் வெப்பம் எல்லாம் இதற்கு மேலே. அதனால்தான் வடிவமைப்பவர்கள் வீட்டு டிரைவ்வேக்கு 300 முதல் 500 வாட் வரை எடுத்துக்கொள்கிறார்கள். காற்று பலமாக வீசும் திறந்தவெளி என்றால் இன்னும் கூடும்.

60 சதுர மீட்டர் டிரைவ்வேக்கு 400 வாட் என்று பிடித்தால் 24 கிலோவாட். நன்றாக இன்சுலேஷன் செய்த ஒரு வீட்டையே சூடாக்க இதைவிடக் குறைவாகத்தான் தேவைப்படும். கார் நிற்கும் இடம் வீட்டைவிடப் பசி அதிகமான பிள்ளை என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். அதே 60 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் என்றால் எடை 21 டன்னுக்கு மேல். அதை ஒரு டிகிரி ஏற்றவே ஐந்து கிலோவாட்-மணிக்குச் சற்று அதிகமான ஆற்றல் வேண்டும். மைனஸ் 10-இலிருந்து பிளஸ் 3-க்குக் கொண்டுவர சுமார் 70. அந்த 24 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் ஓடினாலும் மூன்று மணி நேரம் ஆகும், இழப்பைச் சேர்த்தால் இன்னும் அதிகம். காலையில் எழுந்து, ஜன்னலைத் திறந்து பனியைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுகிற ஆளுக்கு இந்த அமைப்பு ஒத்துவராது.

வீட்டுக்கு இருக்கிற பாய்லரையே பயன்படுத்தக் கூடாதா?

பாய்லரின் திறன், வீட்டின் தேவை, டிரைவ்வேயின் தேவை மூன்றையும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் போதாது. போதுமென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒன்று, கிளைக்கால் கலந்த திரவமும் வீட்டு ரேடியேட்டர்களில் ஓடும் தண்ணீரும் கலக்கக் கூடாது. இடையில் தகட்டு வெப்பமாற்றி வைத்து இரண்டையும் தனிச் சுற்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டு, வெளியிலிருந்து திரும்பும் திரவம் மிகக் குளிர்ந்திருக்கும். பழைய மாதிரி பாய்லருக்குள் 55 டிகிரிக்குக் கீழான தண்ணீர் தொடர்ந்து திரும்பினால் புகையிலுள்ள ஈரம் உள்ளேயே படிந்து இரும்பை அரிக்கும். அதற்குக் கலவை வால்வு வைத்துக் காக்க வேண்டும். புகையிலுள்ள ஈரத்தை வேண்டுமென்றே நீராக்கி அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் கண்டென்சிங் வகை பாய்லருக்கு இந்தப் பயம் இல்லை. குளிர்ந்த தண்ணீர் திரும்பினால் அதன் திறன் கூடவே செய்யும். புதிதாக வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள்.

வெப்பப் பம்பு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கு, பனி கொட்டும் நேரத்தில்தான் திறன் குறையும். நமக்கு அதிக வெப்பம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

டிரைவ்வே முழுக்கப் போட வேண்டுமா?

வேண்டாம். சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகள் மட்டும், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு, என்று போடுகிறவர்கள் உண்டு. பரப்பு பாதிக்கு மேல் குறையும், பாய்லரும் சின்னதாகும். நடுவில் பனி மேடாக நிற்கும், காரிலிருந்து இறங்கும்போது கால் அதில்தான் படும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் நல்ல சிக்கனம். சரிவான டிரைவ்வே என்றால் சரிவுப் பகுதிக்கு மட்டும் முழுதாகப் போட்டுவிட்டுச் சமதளத்தை விட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி. வழுக்குகிற இடம் அதுதானே.

என்ன குழாய், எவ்வளவு இடைவெளி, எவ்வளவு நீளம்?

பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய், அதுவும் ஆக்சிஜன் உள்ளே புகாத பூச்சு உள்ளது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் திரவத்தில் காற்று கரைந்து பம்பிலும் பாய்லரிலும் உள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வீட்டு டிரைவ்வேக்கு 5/8 அங்குலமோ முக்கால் அங்குலமோ எடுப்பார்கள். இடைவெளி 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை. 23 பரவலாகப் பயன்படுத்தும் அளவு. இடைவெளி கூடினால் குழாய்க்கு மேலே உருகி, நடுவில் உருகாமல் தரை வரிவரியாகத் தெரியும்.

ஒவ்வொரு சுற்றும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். தரைக்குள் இணைப்பு கூடாது. சுற்றின் நீளம் முக்கால் அங்குலக் குழாய்க்கு 90 மீட்டரைத் தாண்ட வேண்டாம், 5/8 அங்குலம் என்றால் 60 முதல் 75. அதற்கு மேல் போனால் திரவம் பாதி வழியிலேயே ஆறிவிடும், பம்பும் திணறும். நம் 60 சதுர மீட்டருக்கு 23 சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 260 மீட்டர் குழாய் வரும். அதை 65 மீட்டர் வீதம் நான்கு சுற்றாகப் பிரித்து ஒரே மேனிஃபோல்டில், அதாவது எல்லாச் சுற்றுகளுக்கும் திரவத்தைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியில், சேர்த்தால் சமமாகப் பாயும். ஒன்று 40, இன்னொன்று 90 என்று விட்டால் குட்டைச் சுற்றிலேயே எல்லாம் ஓடிவிடும். வால்வைத் திருகித் திருகிச் சரிசெய்வது பெரும் வேலை.

அடியில் இன்சுலேஷன் கட்டாயமா?

ஆம். பணம் மிச்சப்படுத்த முதலில் வெட்டப்படுவது இதுதான், வெட்டக் கூடாததும் இதுதான். நல்ல அழுத்தத்தைத் தாங்கும் நுரைப் பலகை, 5 சென்டிமீட்டர் கனம், தரைக்கடியில் முழுக்க. ஓரங்களிலும் நிறுத்தி வைக்க வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டில் ஓடும் வெப்பம் குறைவானது அல்ல. இது இல்லாவிட்டால் தரையோடு சேர்த்து மண்ணையும் சூடாக்க வேண்டும். தொடங்கி உருகும் நிலைக்கு வர ஆகும் நேரமும் நீளும். பொட்டலம் கட்ட வரும் மெல்லிய வெள்ளைத் தெர்மோகோல் இதற்கு ஆகாது. கார் ஏறினால் நசுங்கும். பலகைக்கு அடியில் நன்றாகக் கெட்டித்த ஜல்லிப் படுகை இருக்க வேண்டும். அது சரியில்லையென்றால் மேலே உள்ள எதுவும் சரியாக இருக்காது.

கான்கிரீட், தார், பதிகல், எது நல்லது?

கான்கிரீட்தான் எளிது. குழாயை நேரே அணைத்துக்கொண்டிருப்பதால் வெப்பம் நன்றாகக் கடத்தப்படும். குழாய் மேல்பரப்பிலிருந்து 5 முதல் 7.5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். ஊற்றும்போது கம்பிவலை கீழே அமுங்கிவிட்டால் குழாயும் அதோடு போய் அடியில் கிடக்கும், அப்புறம் ஒவ்வொரு முறையும் சூடேறத் தாமதமாகும். வலையைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கிகளை எண்ணிக்கையில் குறைக்காதீர்கள்.

பதிகல்லும் நன்றாக வேலை செய்யும். குழாயை மணலிலோ கல்தூளிலோ புதைத்து மேலே கல் பதிப்பார்கள். பின்னாளில் பழுது வந்தால் கல்லைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

தார்தான் தலைவலி. கொட்டும்போது அதன் சூடு 150 டிகிரி வரை போகும். பெக்ஸ் அதைத் தாங்காது. அதனால் குழாயைக் கெட்டித்த கல்தூள் படுகைக்குள் புதைத்து, தார் போடும் நேரம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரைக் குழாய்க்குள் ஓடவிட வேண்டும். உருளை இயந்திரம் குழாயை நசுக்காமலும் பார்க்க வேண்டும். இதைச் செய்து பழகிய ஆள் கிடைக்காவிட்டால் தாரை மறந்துவிடுங்கள்.

கான்கிரீட் ஊற்றும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

அழுத்தமானியை. குழாய் முழுவதையும் பதித்தபின் சுமார் 7 பார் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். குழாய் நிறுவனத்தின் கையேட்டில் சொல்லும் அளவே இறுதி. உறையும் குளிரில் தண்ணீர் வைத்துச் சோதித்தால் குழாயிலேயே உறைந்து வெடிக்கும், காற்றுதான் சரி. காற்றழுத்தம் இரவில் குளிரும்போது கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சந்தேகம் என்றால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. ஊற்றும்போதும் அழுத்தம் இருக்க வேண்டும். மண்வெட்டி முனை குழாயைக் கிழித்தால் முள் உடனே விழும், கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே தோண்டி ஒட்டுப்போடலாம். மறுநாள் தெரிந்தால் உடைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, விரிசலைக் கட்டுப்படுத்தக் கான்கிரீட்டில் அறுக்கும் கோடுகள். தரையின் கனத்தில் கால்வாசி ஆழம் வரை அறுப்பது வழக்கம். 15 சென்டிமீட்டர் தரையில் அது ஏறக்குறைய 4. குழாய் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பதை அறுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு பலகங்கள் சேரும் இடத்தைக் குழாய் கடந்தால் அங்கே ஓர் உறைக்குழாய் மாட்டுங்கள், தரை அசையும்போது குழாய் அறுபடாது.

ஊற்றுவதற்கு முன் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது அங்கே கூடைப்பந்துக் கம்பம் நட டிரில்லோடு வருவார்கள்.

உருகிய தண்ணீர் எங்கே போகும்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, முதல் குளிர்காலம் முடிந்தபிறகு எல்லோரும் கேட்கிறார்கள். இரவில் 10 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 60 சதுர மீட்டரில் 600 லிட்டர் தண்ணீர். அது சரிவில் ஓடி, சூடேற்றாத சாலை விளிம்பை அடைந்ததும் கண்ணாடிபோல் உறையும். பனியைவிட அது ஆபத்தானது. நடந்து போகிற அண்டை வீட்டார் வழுக்கி விழுந்தால் பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம்.

ஆகவே தரைக்கு நூற்றுக்கு இரண்டு அளவாவது சரிவு கொடுத்து, கீழ்முனையில் குறுக்கே ஒரு வடிகால் அமைத்து, அந்த வடிகாலைச் சுற்றியும் குழாய் போக வேண்டும். வடிகாலிலிருந்து வெளியேறும் குழாயும் உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலேறிவிடும். பொதுச் சாக்கடையில் விடலாமா என்பதை உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கராஜ் பக்கம் சரியும் டிரைவ்வே என்றால் கதவுக்கு முன்னாலும் ஒரு வடிகால் வேண்டும்.

கிளைக்கால் எவ்வளவு கலக்க வேண்டும்?

புரோப்பிலீன் கிளைக்கால், துருத்தடுப்பான் சேர்த்தது. கனஅளவில் 30 விழுக்காடு என்றால் மைனஸ் 13 டிகிரி வரை உறையாது, 40-க்கு மைனஸ் 21 வாக்கில், 50-க்கு மைனஸ் 33. உங்கள் ஊரின் மோசமான இரவைவிடச் சற்றுக் கீழே பார்த்துக் கலக்கவும். ரொம்பக் கலந்தால் திரவம் கெட்டியாகிப் பம்புக்கு வேலை கூடும், வெப்பம் சுமக்கும் திறனும் குறையும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சு, வேண்டாம். துத்தநாகப் பூச்சுக் குழாயையும் இந்தச் சுற்றில் எங்கும் சேர்க்காதீர்கள், துருத்தடுப்பானோடு அது ஒத்துப்போகாது.

தண்ணீர் தானாக நிரப்பும் வால்வை இதில் இணைப்பதும் தப்பு. எங்கோ சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் அந்த வால்வு சத்தமில்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். கலவை நீர்த்துப்போய் ஒரு நாள் உறைந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை குளிர்காலத்துக்கு முன் கலவையின் அடர்த்தியையும் அமிலத்தன்மையையும் சோதித்தால் போதும்.

தானாக ஓட வேண்டுமா, கையால் போட்டு அணைக்கலாமா?

தானாக ஓடுவதே நல்லது. தரையில் பதிக்கும் சென்சார் ஈரம், வெப்பநிலை இரண்டையும் பார்த்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் இயக்கும். கார் நிழலிலோ மரத்தடியிலோ பதித்தால் பனி விழுவதே அதற்குத் தெரியாது. பனி நின்றபிறகும் தரை காயும்வரை சில மணி நேரம் ஓடவிட வேண்டும், ஈரத்தோடு அணைத்தால் அதுவே உறையும். தொடக்கத்தில் பனிக்குளிர்ந்த கான்கிரீட்டில் 60 டிகிரித் திரவத்தைத் திடீரென்று பாய்ச்சக் கூடாது, விரிசல் விடும். படிப்படியாகச் சூட்டை ஏற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்குங்கள்.

குளிர்காலம் முழுக்கத் தரையை உறைநிலைக்குச் சற்றுக் கீழே சூடாகவே வைத்திருக்கும் வசதியும் உண்டு. பனி விழத் தொடங்கியதும் கொஞ்ச நேரத்திலேயே உருகும் நிலைக்கு வந்துவிடும். மருத்துவமனை வாசலுக்கு அது நியாயம். வீட்டுக்கு எரிபொருள் கட்டணத்தைப் பார்த்தாலே மனது மாறும்.

ஓட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்?

உங்கள் ஊரின் விலையைப் போட்டுப் பாருங்கள். 24 கிலோவாட் அமைப்பு ஒரு பனிப்பொழிவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 192 கிலோவாட்-மணி வெப்பம். தரையைச் சூடேற்ற ஆன 70-ஐயும் சேர்த்தால் 260 பக்கம். எரிபொருளில் எவ்வளவு பங்கைப் பாய்லர் வெப்பமாக்குகிறது என்ற விகிதத்தால் வகுத்து, ஒரு கிலோவாட்-மணி எரிபொருளின் விலையாலும், ஒரு வருடத்தில் எத்தனை முறை பனி விழும் என்பதாலும் பெருக்கினால் விடை கிடைக்கும். ஷவல் பிடிக்க உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கும், செங்குத்தான சரிவு உள்ளவர்களுக்கும் அந்தத் தொகை நியாயமாகத் தெரியும். மற்றவர்களுக்குப் பனி அள்ள ஆள் வைப்பது மலிவு.

தரைக்குள் குழாய் கசிந்தால்?

மேனிஃபோல்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வால்வு இருந்தால் கசிகிற சுற்றை மூடிவிட்டு மற்றதை ஓட்டலாம். இடத்தைக் கண்டுபிடிக்க வெப்பக் கேமரா உதவும். பெக்ஸ் தானாகக் கெடுவது அரிது, பெரும்பாலும் யாராவது துளையிட்டதாலோ தரை பிளந்ததாலோதான் சேதம். கிளமத் ஃபால்ஸின் அந்தப் பழைய இரும்புக் குழாய்கள்கூட வெளிப்பக்கம் துருப்பிடித்துக் கசியும்வரை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் உழைத்தன. 1998-ல் புதுப்பித்தபோது அங்கேயும் பெக்ஸ்தான் பதித்தார்கள். பம்பும் பாய்லரும் அதற்கு வெகு முன்பே மாற்ற வேண்டிவரும், ஆனால் அவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன.

நானே போடலாமா?

குழாயை விரித்துக் கட்டுவது, இன்சுலேஷன் பரப்புவது எல்லாம் கைவேலை தெரிந்தவர் செய்யக்கூடியதே. வெப்பக் கணக்கு, பாய்லர், எரிவாயு, மின் இணைப்பு ஆகியவற்றை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். பல இடங்களில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வெயிலில் பெக்ஸ் சுருளை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், சூரிய ஒளி அதைக் கெடுக்கும்.

பனி உருகுகிறதே, இனி உப்பு தேவையா?

தேவையில்லை. சாலையிலிருந்து கார் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருவது வரத்தான் செய்யும். அதைக் குளிர்காலம் முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள், சென்சாரின் முகத்தையும் சேர்த்து.